நான் கண்டுபிடித்த விளையாட்டு

மஹய்யாவ, கண்டி
ஆகஸ்ட் 2010

மதிப்புக்குரிய சரோஜினிதேவி அம்மாவுக்கு,

போன மாதம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தேநீரில் சீனி கூடிவிட்டது. என் மனைவி சுந்தரி ஊரில் இல்லாததால் நானே ஊற்றினேன். எனக்கு அளவு பிடிபடவில்லை. நீங்கள் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். குறை ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவருக்கு நல்ல தேநீர்கூடக் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் மனக்கஷ்டம்தான்.

அன்று நீங்கள் உங்கள் மகளின் படத்தை மேசையில் வைத்து, "அவளைக் கொண்டுபோகேக்க நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்தானே தம்பி. என்ன நடந்ததெண்டு ஒருக்கால் சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். "எல்லாம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சு போச்சும்மா" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் சில விஷயங்கள் இருக்கின்றன. நான் இருபத்திரண்டு வருஷமாக அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். வாயால் சொன்னால் முன்பின்னாகிவிடும். எழுதினால் ஒழுங்காக வரும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 2005ஆம் ஆண்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, டெலிபோன் லைனில் இணையம் எடுத்தேன். கந்தோர் விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து விளையாட்டுகளைத் தேடுவேன். சுடுவதும் கார் ஓட்டுவதும் அல்ல. உலகத்தில் எங்கோ ஓர் ஆள் தன்பாட்டில் உட்கார்ந்து செய்து, காசு கேட்காமல் இணையத்தில் விட்டுவிடும் விசித்திரமான சின்ன விளையாட்டுகள். ஒன்றில் நீங்கள் மீன்காரர். தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போவீர்கள், கடைசிவரை ஒரு வீட்டிலும் கதவு திறக்காது. இன்னொன்றில் ஐந்து பேரை ஒரே குடையில் நனையாமல் அக்கரை சேர்க்க வேண்டும். அது முடியாது என்று உங்களுக்கு விளங்கும் இடத்தில் விளையாட்டு முடிந்துவிடும். ஒரு விளையாட்டை இணையத்திலிருந்து இறக்க மூன்று மணி நேரம் பிடிக்கும். நடுவில் யாராவது டெலிபோன் எடுத்தால் எல்லாம் போச்சு. சுந்தரி தலையில் அடித்துக்கொள்வாள்.

கண்டெடுத்தவற்றைப் பற்றி ஒரு வலைப்பூவில் எழுதினேன். வாசகர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். "இப்படிப்பட்டவற்றைத் தமிழில் முதலில் கண்டுபிடித்துச் சொல்பவர் இவர்தான்" என்று கனடாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரியை அச்சடித்து வைத்திருக்கிறேன். கந்தோரில் என் பெயர் கோப்புகளின் அடியில் மட்டும்தான் இருக்கும். அதனால் அந்த வரி எனக்கு எவ்வளவு பெரிதென்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் மகள் 2007 தை மாதம் வந்தாள். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்ததால் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அந்த வருஷத்துக்கு விடுதி கிடைக்கவில்லை. பின்னறையைக் கொடுத்தோம்; அடுத்த வருஷமும் அங்கேயே தங்கிவிட்டாள். தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸுக்கு எழுதிக் கொடுக்கும் முறை உங்களுக்கும் தெரியும். வீட்டுக்காரர்தான் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைக்க வேண்டும்; அதன் முத்திரை குத்திய கொப்பியை வீட்டில் வைத்திருக்க வேண்டும். அந்த வருஷம் மூன்று பெயரையும் நானே எழுதினேன். அவள் பெயரைத் தெளிவாக, பிழையில்லாமல் எழுதினேன்.

ஒரு நாள் பின்னால் நின்று மீன்காரர் விளையாட்டைப் பார்த்துவிட்டு, "இதை ஆர் செய்தது அங்கிள்?" என்றாள்.

"தெரியாதும்மா. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"செய்த ஆளுக்கு அது முதலே தெரியும்தானே," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் பேச்சில் நஞ்சு கிடையாது. அதை நான் எங்கேயும் சொல்வேன்.

அதற்குப் பிறகு சனி, ஞாயிறுகளில் என் கம்ப்யூட்டரிலேயே ஏதோ செய்துகொண்டிருந்தாள். சுந்தரி அவளுக்குத் தேநீரும் ரொட்டியும் கொண்டுபோய் வைப்பாள். 2008 மே மாதத்தில் ஒரு மாலை, "வாங்கோ அங்கிள், நீங்கள்தான் முதல் ஆள்" என்று கூப்பிட்டாள்.

அம்மா, அந்த விளையாட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீடுதான் அது. கிணற்றடி, மிளகாய் காயும் பாய், நீலச் சேலையில் நீங்கள், சைக்கிளைத் துடைக்கும் உங்கள் மகன், உங்கள் கணவர், அவள். விளையாடுபவர்தான் வீட்டுக்காரர். நாள் முழுதும் வேலை ஒன்றுமில்லை. ஆட்களோடு பேசலாம், தண்ணீர் அள்ளலாம். பொழுதுபட ஒரு படிவம் வரும். வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை எழுத வேண்டும். எல்லாப் பெயரையும் எழுதினால் மறுநாளும் அப்படியே விடியும். ஒரு பெயரை விட்டால், விடியும்போது அந்த ஆள் இருக்கமாட்டார். யாரும் அழமாட்டார்கள், யாரும் தேடமாட்டார்கள். அடுப்படியில் ஒரு கோப்பை குறைந்திருக்கும். புதிதாகத் தொடங்கினாலும் அவர் திரும்பி வரமாட்டார்.

ஒரு பெயரை விடும்படி விளையாட்டு எங்கேயும் சொல்லாது. எழுத இடமும் தாராளமாக இருக்கும். விளையாட்டில் இரண்டு நாள் எல்லாரையும் எழுதினேன். மூன்றாம் நாள் உங்கள் மகனை விட்டுவிட்டேன்.

விடிந்தபோது சைக்கிள் மட்டும் நின்றது. அவள் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஏன் அங்கிள் தம்பியை விட்டனீங்கள்?"

"சும்மாதாம்மா. என்ன நடக்கும்னு பாத்தேன்."

"ஓம். எல்லாரும் அப்பிடித்தான் ஒருக்கால் விட்டுப் பாப்பினம்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவ்வளவு பாரமான விளையாட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இந்த விளையாட்டுத்தான் நான் இத்தனை காலம் தேடியது என்றும், அது என் வீட்டுப் பின்னறையிலேயே கிடைத்துவிட்டது என்றும் எண்ணினேன். அன்றே என் கட்டுரையைத் தொடங்கிவிட்டேன். ‘நான் கண்டுபிடித்தேன்’ என்றுதான் முதல் வரி.

ஜூன் முதல் வாரம், அவள் எனக்குச் சொல்லாமல் அதை ஐரோப்பாவில் நடக்கும் ஒரு போட்டிக்கு அனுப்பியிருந்தது தெரியவந்தது. தெரிவாகிவிட்டது என்று கடிதம் வந்திருந்தது. துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். முடிவு வரும்வரை ஒருவரும் எழுதக்கூடாதாம். என் கட்டுரையைக் கொஞ்சம் பொறுத்துப் போடச் சொன்னாள். "பிறகு உலகம் முழுக்க எழுதுவினம் அங்கிள், நீங்களும் எழுதுங்கோ" என்றாள். நீங்களும். நான் சந்தோஷம் என்று சொன்னேன். இனிப்பு வாங்கி வந்து கொடுத்தேன்கூட.

அதே வாரம் கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு வெடித்தது. கண்டி முழுக்கச் சோதனை. வீடுகளுக்குப் புதிய படிவம் வந்தது.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீரய்யா என்று பெயர். 83 ஜூலைக் கலவரத்தில் அவருடைய கடையை எரித்தார்கள். வந்தவர்களின் கையில் ஒரு பட்டியல் இருந்ததாம். பக்கத்துக் கடையும் தமிழனுடையதுதான்; அது பட்டியலில் இல்லை, தப்பிவிட்டது. "பேர் எழுதுன எடத்துலதான்டா நெருப்பு வரும்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அதுவும் குண்டு வெடித்த வாரம். அவள் பெயரை நானே எழுதிக் கொண்டுபோய் நீட்டுவதா என்று தயங்கினேன். இதை நான் பின்னால் சோடித்துச் சொல்லவில்லை; பேனையைப் பிடித்திருந்தபோது அப்பாவின் நினைப்பு உண்மையிலேயே வந்தது.

அதே நேரம், இரண்டு பெயரை எழுதி முடித்து மூன்றாவது கோட்டுக்கு வந்ததும் வேறொரு நினைப்பும் வந்தது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. விட்டால் என்ன நடக்கும் என்று பார்க்கும் ஆசை அது. அவள் சொன்ன அதே ஆசை. சுந்தரி அடுப்படியிலிருந்து, "அந்தப் புள்ள பேரையும் மறக்காம எழுதுங்க" என்றாள். "எழுதிட்டேன்" என்றேன். கையெழுத்து வைத்தேன். மறுநாள் உங்கள் மகள், "ஃபோம் குடுத்தாச்சோ அங்கிள்?" என்று கேட்டாள். "குடுத்தாச்சும்மா" என்றேன்.

பதினொரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தீர்களா, அப்பா சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்கு வந்தார்கள். சீருடையில் மூவர், சாதாரண உடுப்பில் இருவர். எந்தப் பொலிஸ் நிலையத்திலிருந்து என்று நான் கேட்கவில்லை. சுந்தரி அப்போதுதான் மூன்று கோப்பையில் தேநீர் ஊற்றி வைத்திருந்தாள். முத்திரை குத்திய கொப்பியைக் கேட்டார்கள், கொடுத்தேன். அவர்களில் பெரியவர் வாசித்தார், எங்களை எண்ணினார், மறுபடி வாசித்தார். "மே கவுத?" என்றார். இவள் யார் என்று கேட்கிறார்.

சுந்தரி என் பக்கம் திரும்பினாள். "எழுதிட்டேன்னு சொன்னீங்களே" என்றாள், மெதுவாக.

உங்கள் மகள் பதறவில்லை. பல்கலைக்கழக அட்டையைக் காட்டினாள். பிறகு என்னிடம், "அங்கிள், போன வருஷத்துக் கொப்பியை எடுத்துக் காட்டுங்கோ. அதில என்ர பேர் இருக்குத்தானே" என்றாள். நல்ல யோசனைதான். நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். மேல் தட்டில், விரித்திருந்த பேப்பருக்குக் கீழே அது இருந்தது. எடுத்து வாசித்தும் பார்த்தேன். அதை அப்படியே வைத்துவிட்டு வந்து, "காணோம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அதைக் காட்டியிருந்தால் புதிய படிவத்தில் ஏன் விட்டாய் என்று என்னைக் கேட்டிருப்பார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகியிருக்கும். அது ஒரு காரணம். விளையாட்டில் ஒரு தடவை விட்ட பெயரைத் திரும்ப எழுத முடியாது என்பதும் அந்த நேரம் நினைவுக்கு வந்தது.

விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்கள். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, "பின்னேரம் வந்திடுவன் அன்ரி" என்று சுந்தரியிடம் சொன்னாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். விளையாட்டின் மூன்றாம் நாளில், சைக்கிள் மட்டும் நின்றபோது பார்த்தாளே, அதே பார்வை. கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. என்னை விளங்கிக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். சுந்தரி அவளுடைய கோப்பையை இரண்டு நாள் மூடியே வைத்திருந்தாள். ஒவ்வொரு பொலிஸ் நிலையமாகப் போனாள். அப்படி ஒருவரும் தங்களிடம் இல்லை என்றார்கள். அடுத்த தை மாதம் சுந்தரி ஹேவாஹெட்டையில் உள்ள தங்கை வீட்டுக்குப் போனவள்தான், திரும்பி வரவில்லை. அவள் தேநீர் ஊற்றும் பக்குவம் எனக்கு வராது.

உங்கள் மகளின் மின்னஞ்சல் என் கம்ப்யூட்டரில் திறந்தபடியே இருந்தது. செய்தவரின் பெயரையும் படத்தையும் கேட்டு, போட்டிக்காரர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. பதில் போடாவிட்டால் விளையாட்டைத் தள்ளிவிடுவார்கள். அவளுடைய உழைப்பு வீணாகலாமா. நாட்டு நிலைமை காரணமாகச் செய்தவரின் பெயரை வெளியிட முடியாது என்று எழுதினேன். கண்டுபிடித்தவர், வீ. சண்முகநாதன், மஹய்யாவ, கண்டி என்று கீழே போட்டேன். பரிசு கிடைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அதை விளையாடியிருக்கிறார்கள். எல்லா நாட்டிலிருந்தும் எனக்கு எழுதுகிறார்கள், யாரை விட்டோம், எந்த நாளில் விட்டோம் என்று. முன்னறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பத்திரத்தை நீங்கள் அன்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னவென்று கேட்டபோது கந்தோரில் கொடுத்தது என்றேன். அது இந்தப் பரிசுதான்.

நானே செய்தேன் என்று ஓரிடத்திலும் சொன்னதில்லை அம்மா. அப்படிப்பட்ட ஆள் நான் இல்லை. அவளை நினைக்காத நாளும் இல்லை. சில மாலைகளில் அந்த விளையாட்டைத் திறந்து, கிணற்றடியில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு அழுகிறேன். அவளை மட்டும் நான் ஒரு நாளும் விட்டதில்லை.

விளையாட்டைப் பதிந்த சீடி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். உங்கள் வீட்டைப் பார்க்கலாம். அந்த 2007ஆம் ஆண்டுக் கொப்பியையும் சேர்த்து அனுப்பத்தான் எடுத்தேன். அதில் அவள் பெயர் இருப்பதால் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டேன். காலம் இன்னும் முழுக்கச் சரியாகவில்லை, கடிதங்களை யார் பிரிப்பார்கள் என்று சொல்ல முடியாது. இந்தக் கடிதத்திலும் ஓரிடத்திலாவது அவள் பெயரை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அவளுடைய பாதுகாப்புக்காக.

இப்படிக்கு,
வீ. சண்முகநாதன்