தெற்கிலிருந்து மூன்றாவது

முறைப்பாடு எழுதுவது எல்லோருக்கும் கைவராது. செங்கலடிச் சந்தியில் தட்டச்சு இயந்திரம் வைத்துக்கொண்டு நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் எழுதியதைப் படித்தால் யாரை யார் அடித்தார் என்றே விளங்காது. நான் அரசாங்கக் கச்சேரியில் இருபத்தொன்பது வருடம் கிளாக்கராக இருந்தவன். என்ன நடந்தது, எங்கே நடந்தது, எத்தனை மணி, பார்த்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றார், இந்த நாலும் இல்லாமல் ஒரு கடதாசிகூட என் மேசையைவிட்டுப் போனதில்லை. கொழும்பிலிருந்து விசாரிக்க வந்த நீங்கள் கொண்டுவந்திருக்கும் கோப்பில் என் எழுத்தில் இருபது முப்பதாவது இருக்கும். பார்த்த உடனே தெரியும்.

நான் நின்றுகொண்டே பேசுகிறேன், பிள்ளை. குறை நினைக்க வேண்டாம். இப்போதெல்லாம் ஒரு இடத்தில் இருக்க முடிவதில்லை. ரோட்டில் ஒரு வாகனம் வேகத்தைக் குறைத்தால் எழும்பிவிடுகிறேன், பிறகு இருக்க மனம் வருவதில்லை. டொக்டர் பிரஷர் என்கிறார்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு எங்கள் பிரஜைகள் குழுவில் மிஞ்சியவர்கள் மூன்று பேர். தலைவர் கண் ஒப்பரேசனுக்கென்று கொழும்புக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பொருளாளர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ஆகவே குழு என்றால் நான்தான். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பத்துப் பெண்களாவது இருப்பார்கள். கரடியனாறு, வந்தாறுமூலை என்று எங்கிருந்தெல்லாமோ நடந்து வருவார்கள். நான் எழுதுவேன், சமாதான நீதவான் முத்திரை குத்துவேன், கொழும்புக்கு அனுப்புவேன். கிழமைக்கு ஒரு நாள் பொலிஸ் முகாமுக்கும் போவேன்.

அதைப் பற்றித்தான் உங்களிடம் யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் தலையாட்டி இல்லை. தலையாட்டி என்றால் சாக்கைத் தலையில் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்து, ஜீப்புக்குள் இருந்து, பிடிக்க வேண்டிய ஆளைக் கண்டதும் தலையை ஆட்டுகிறவன். நான் வெள்ளைச் சேட்டு போட்டு, திறந்த முகத்தோடு, பகல் பத்து மணிக்குப் போனவன். எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நுழையும் வாசலில் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே கதிரை தந்தார்கள், பால் தேத்தண்ணீர் தந்தார்கள். பொறுப்பதிகாரி என்னை ஐயா என்று கூப்பிடுவார். இந்த வட்டாரத்தில் அப்போது அந்தக் கதிரையில் இருந்த தமிழன் நான் ஒருவன்தான். அது எனக்காக அல்ல, வாசலில் நின்ற அந்தப் பெண்களுக்காக.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில் கண்ணகை வந்தாள். கரடியனாற்றுக்காரி, கைம்பெண். அவளுடைய மகன் நல்லரத்தினம் ட்ரக்டர் ஓட்டுகிறவன். சந்தைக்கு நெல் மூட்டை கொண்டுவந்த இடத்தில், மாடு களவெடுத்தான் என்று பொலிஸ் பிடித்தது. அந்தக் காலத்தில் மாட்டுக் களவு உண்மையாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பட்டி பட்டியாகக் கொண்டுபோனார்கள். ஆனால் நல்லரத்தினம் களவெடுக்கவில்லை. முகாமில் கேட்டபோது அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்றார்கள். புத்தகத்திலும் பெயர் இல்லை.

"களவெடுத்தானெண்டா நீதவான் கோட்டில நிறுத்தட்டும், கிளாக்கர் ஐயா," என்றாள் கண்ணகை. "செத்தானெண்டா உடம்பத் தரட்டும். ரெண்டுமில்லாம நான் என்னத்த வச்சி அழுற?"

அவளுடைய முறைப்பாட்டை எழுதினேன். ஆனால் அதில் பலமில்லை. சந்தையில் பார்த்தவர்கள் எல்லோரும் பார்க்கவில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு கிழமை கழித்து இளையதம்பி வந்தார். ஆற்றங்கரைக் கிராமத்து மீன்காரர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அங்கே கம்பு நட்டு, கம்புக்குக் கம்பு வலை கட்டி மீன் பிடிப்பார்கள். கம்புக்கட்டு என்பார்கள். தகப்பன் கம்பு நட்ட இடத்தில்தான் மகன் நடுவான். வேறு ஒருவன் அந்த இடத்தைத் தொட மாட்டான். உறுதிப் பத்திரம் இல்லை, வரைபடம் இல்லை, ஆனால் எந்தக் கட்டு யாருடையது என்று ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

இளையதம்பி கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பேசினார். நல்லரத்தினத்தைப் பிடித்ததற்கு அடுத்த நாள், வெயில் ஏறுகிற நேரம், அவர் தன் கம்புக்கட்டில் வலை கழற்றிக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில் ஜீப் வந்து நின்றது. நாலு பொலிஸ்காரர். ஐந்தாவது ஆளை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். அது நல்லரத்தினம். இளையதம்பியின் வீட்டுக்கு மண் ஏற்றிக்கொடுத்தவன், அதனால் ஆளைத் தெரியும். கண்டல் மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது நாலு பேர்.

"அந்தத் தாய்க்காகத்தான் சொல்றன்," என்றார். "எனக்கும் மூணு புள்ள இரிக்கி. என்ட பேரு வெளிய போகப்படா, ஐயா."

"உங்கட பேர் என்ட வாயில இரிந்து வராது," என்றேன். அந்த வாக்கை நான் மீறவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

கொழும்புக்கு அனுப்பிய கடதாசியில் 'ஒரு மீனவர்' என்று மட்டும் போட்டேன். அதை வைத்து அங்கே சட்டத்தரணி ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். வழக்குக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு மட்டும் அந்த மீனவர் நேரில் வந்து பெயரைச் சொல்வார் என்று ஏற்பாடு, அதற்கு இளையதம்பியைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அதுவரை அவர் யாரென்று தெரிந்தது அவருக்கும் எனக்கும்தான். வழக்கு வென்றால் பொறுப்பதிகாரி மாட்டுவார், குறைந்தது இடமாற்றமாவது வரும். வரப்போகிற புது ஆள் எப்படிப்பட்டவனோ. கதவு திறப்பானோ மாட்டானோ. அந்த நாட்களில் எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. இளையதம்பியை நினைத்து அல்ல, பொய் சொல்ல மாட்டேன். அந்த வாசலை நினைத்து.

கொஞ்சம் பொறுங்கள். அது என்ன சத்தம். சரி, பஸ்தான்.

வழக்குக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஆற்றங்கரையில் சுற்றிவளைப்பு நடந்து, பதினொரு பெடியளை ஏற்றிக்கொண்டு போனார்கள். தாய்மார் என்னிடம் ஓடிவந்தார்கள். அடுத்த நாள் காலை அவர்களை முகாமுக்கு எதிரே மரநிழலில் இருக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். கதிரை போட்டார்கள். தேத்தண்ணீர் வந்தது. பொறுப்பதிகாரி களைத்துப்போய் இருந்தார். அவருக்குத் தமிழ் வரும், கொஞ்சம் உடைந்த தமிழ்.

"கோணாமலை ஐயா, அந்த கேஸ்ல சாட்சி ஒரு ஆள் உண்மையா இருக்கா? இல்லாட்டி நீங்க சும்மா எழுதினதா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இருபத்தொன்பது வருடத்தில் என் எழுத்தைப் பொய் என்று ஒரு மேலதிகாரியும் சொன்னதில்லை.

"நான் சும்மா எழுதிறவன் இல்ல, சேர்," என்றேன். "ஆள் இரிக்கார்."

"கரைக்கும் ஆத்துக்கும் அவ்வளவு தூரம். எப்படி முகம் தெரியும்? லோயர் இதைத்தான் முதல்ல கேப்பார்."

நியாயமான கேள்வி. தூரம் தெரியாமல் எழுதினால் முறைப்பாடு நிற்காது என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எதிர்க்கரைக்கு முன்னால் ஏழு கம்புக்கட்டு வரிசையாக இருக்கிறது, அதில் மூன்றாவது கரைக்கு மிகக் கிட்ட, அங்கிருந்து பார்த்தால் சேட்டுப் பொத்தானும் தெரியும் என்றேன். பெயர் சொல்லவில்லை. தூரத்தைத்தான் சொன்னேன், முறைப்பாடு உண்மை என்று காட்டத்தான் சொன்னேன். கண்ணகையின் பக்கம் நின்று பேசினேன் என்றுகூடச் சொல்லலாம்.

பொறுப்பதிகாரி ஒரு கடதாசியை எடுத்து ஏழு கோடு போட்டார். மேலேயிருந்து, அதாவது வடக்கிலிருந்து எண்ணி, மூன்றாவது கோட்டைச் சுற்றி வட்டம் போட்டார்.

வடக்கிலிருந்து மூன்றாவது சீனித்தம்பியின் கட்டு. சீனித்தம்பி ஆறு பிள்ளைகளின் தகப்பன், இந்த விசயத்தில் ஒன்றும் தெரியாத மனிதர். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு குற்றமும் செய்யாதவர் அநியாயமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா. மனித உரிமை என்று ஒரு பலகையை வாசலில் தொங்கவிட்டவன் நான்.

"தெற்கிலிருந்து, சேர்," என்றேன்.

அவர் வட்டத்தை அழித்துவிட்டுச் சரியான இடத்தில் போட்டார். தேத்தண்ணீர் ஆறப்போகிறது என்று சொன்னார். குடித்தேன்.

அன்று மத்தியானம் பதினொரு பேரையும் விட்டார்கள். தாய்மார் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்கள். ஒருத்தி காலில் விழப்போனாள், நான்தான் தடுத்தேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பதினொன்றுக்கு ஒன்று. எந்தத் தராசில் வைத்தாலும் அது தப்பாகாது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை பொலிஸ் வள்ளம் போனது. இளையதம்பி கம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். கம்போடு பிடுங்கி ஏற்றினார்களாம். புஸ்பம், அவருடைய மனைவி, என்னிடம்தான் வந்தாள்.

"உங்கட எழுத்துக்குத்தான் அவனுகள் பயப்படுவானுகள்," என்றாள். "நீங்கதான் எழுதணும், ஐயா."

எழுதினேன். என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணி, எவ்வளவு தூரம். நான் எழுதியவற்றிலேயே அதுதான் திறம். உங்கள் கோப்பில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். எழுதி முடிக்கும்வரை அவள் என் மனைவி கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்திருந்தாள். "அவர்தான் சாட்சியெண்டு ஆரு சொல்லியிரிப்பா?" என்று கேட்டாள். ஊர் வாய் பொல்லாதது என்றேன்.

அந்தப் பதில்தான் பிறகு வேறு மாதிரிப் போய்விட்டது. பொலிஸ் வள்ளம் அன்று முதலில் சீனித்தம்பியின் கட்டருகே கொஞ்சம் நின்றதை ஊர் கண்டிருந்தது. வழி கேட்டிருப்பார்கள். ஆனால் ஊர் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்றது. அவர் பயந்து தேற்றாத்தீவில் மனைவியின் தமக்கை வீட்டுக்குப் போனார். இயக்கப் பெடியள் அங்கே போய்ப் பிடித்து, மின்கம்பத்தில் கட்டி, துரோகி என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டுச் சுட்டார்கள். அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன். நான் அந்த மனிதரைக் காப்பாற்றியவன். அவருடைய மனைவி முறைப்பாடு எழுத வந்தபோது, எங்கள் குழு அரச தரப்புக்கு எதிரானதை மட்டும்தான் எடுக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்போது அதுதான் எங்கள் விதி.

சாட்சி இல்லை என்று மனுவைத் தள்ளினார்கள். பொறுப்பதிகாரி இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருந்தார். கண்ணகை இப்போதும் கிழமைக்கு ஒருமுறை வருகிறாள். இந்தத் தொண்ணூற்றாறிலும் நான் அவளுக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டால் வாக்குமூலம் முழுமையாகாது. அந்தப் பதினொரு பேரின் விடுதலைக் கடதாசி. நான் தேத்தண்ணீர் குடித்த மேசையிலேயே அது இருந்தது, கதிரையில் உட்கார்ந்தபோதே கண்டேன். கச்சேரியில் பழகிய கண், திகதியைத்தான் முதலில் பார்க்கும். முந்தின நாள் திகதி. கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருந்தன. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் அவர்களை அன்று விட்டிருப்பார்கள். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். பதினொன்றுக்கு ஒன்று இல்லை. சும்மா ஒன்று. அவர் என்னை இன்னொரு முறை ஐயா என்று கூப்பிட வேண்டும் என்பதற்காக ஒன்று.

எழுதிவிட்டீர்களா. நல்லது. மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறது. கொஞ்சம் கதிரையில் இருக்கலாம் போலவும் இருக்கிறது.

பிள்ளை, ஒரு விசயம். அந்த அறையில் அன்று நடந்ததை உங்களிடம் சொன்ன ஆளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. காலம் இன்னும் சரியில்லை, அவருக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும். நாளைக்கு முகாமுக்குப் போகிறேன், இப்போதிருக்கிற பொறுப்பதிகாரியும் நல்ல மனிதர், ஒரு சொல் சொல்லிவைக்கிறேன். பெயர் வேண்டாம், அது உங்களுக்குள் இருக்கட்டும். எந்த ஊர் என்று மட்டும் சொன்னால் போதும்.