பாறைப் பூவுக்கு ஒரு பதக்கம்

— ஆடாம நில்லுங்க. டை கட்டறதா, உங்க ஆட்டத்தைப் பாக்கறதா?

— இன்னிக்குத் தாவரவியல் சங்கத்துல பதக்கம் குடுக்கறாங்கடி, ஆடாம இருக்க முடியுமா? இன்னொரு தடவை சொல்லு. பூவுல வெளியில பச்சையா இருக்கறது அல்லி...

— புல்லி. அல்லி உள்ள இருக்கறது. பெரிய தாவரவியல் புரொபசரு! இத்தனை வருஷமா பசங்களுக்கு என்னத்தைத்தான் சொல்லிக் குடுத்தீங்களோ.

— சரி சரி, விடு. அந்தப் புதுச் செடியோட மகரந்தத்தைப் பத்தி யாராவது கேட்டா?

— இருமுங்க. பெரிய மனுஷங்க இருமினா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க.

— நக்கலா?

— பின்ன? மழையில வழுக்கற பாறையில ஏறினது நான். அட்டை கடிச்ச கால் என் கால். பூவைப் பிரிச்சு, லென்ஸ் வெச்சுப் பாத்து, படம் வரைஞ்சு, இது புதுசுன்னு கண்டுபிடிச்சதும் நான். அப்ப நீங்க கீழ வண்டியில குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க.

— உயரம்னா எனக்குத் தலை சுத்தும், தெரியாதா?

— மேடை உயரம் மட்டும் சுத்தாதாக்கும்!

— பொம்பளை பேரைப் போட்டுக் கட்டுரை அனுப்பினா சங்கத்துல பிரிச்சே பாக்க மாட்டாங்க. என் பேர்ல போனதாலதான் உன் செடி உலகத்துக்குத் தெரிஞ்சுது. அதை நெனச்சியா?

— நெனச்சேன். சிரிப்பு வந்துச்சு. செடிக்கும் உங்க பேரையே வெச்சுக்கிட்டீங்களே, அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது. உங்கக்கா என்ன சொன்னாங்க? "என் தம்பி ராப்பகலா ஆராய்ச்சி பண்றான், நீ வீடு பூரா சருகைக் காயப் போட்டிருக்கே"ன்னாங்க. வாயைத் திறந்தீங்களா?

— அப்ப வாயில சோறு இருந்துச்சு.

— எப்பத்தான் இல்ல?

— இன்னிக்கு நீயும் வாயேன். பக்கத்து அறையில மத்தவங்க சம்சாரங்க எல்லாம் உக்காந்திருப்பாங்க. நீ கதவோரமா உக்காந்தேன்னா, நான் தடுமாறினா மெதுவா...

— கதவிடுக்குல இருந்து எடுத்துக் குடுக்கணுமா? செத்தாலும் மாட்டேன். போங்க, யாரோ தட்டறாங்க. வண்டி வந்துடுச்சு போல.

— அடடே, செயலாளர் சார்! சங்கத்துல இருந்து நீங்களே வந்துட்டீங்களா? இதோ கெளம்பிட்டேன்.

— மன்னிக்கணும் புரொபசர். வண்டி உங்களுக்கு இல்ல. அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பதக்கமும் அவங்களுக்குத்தான்.

— எனக்கா?

— இவளுக்கா? பொம்பளைங்களுக்குத்தான் சங்கத்துல இடமே கிடையாதே!

— காலையில இருந்து அடிச்சுக்கிட்டு இப்பத்தான் அந்த விதியை மாத்தினாங்க.

— திடீர்னு என்ன சார் வந்துச்சு?

— நேத்து குழுவுல உங்களைக் கூப்பிட்டு அந்தச் செடியைப் பத்தி மூணு கேள்வி கேட்டாங்கல்ல? மூணுக்கும் நீங்க ஒரே பதிலைத்தானே சொன்னீங்க: "வீட்ல கேட்டுச் சொல்றேன்."