நடுவுல வாங்க!

மதிப்பிற்குரிய கல்லூரித் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மார்ஜரியை இழந்து கலங்கி நிற்கும் நண்பர்களே!

நமது புனித ஆஸ்வின் கல்லூரியின் பழைய முற்றத்துப் புல்தரையில் ஆசிரியர்கள் மட்டுமே கால் வைக்கலாம். மற்றவர்கள் ஓரமாகச் சுற்றித்தான் போக வேண்டும். நூற்றாண்டுகளாக இதுதான் வழக்கம். அதற்குப் பக்கத்திலேயே கான்கிரீட்டும் கண்ணாடியுமாக ஒரு விடுதியைக் கட்டி, அதன் முற்றத்தில் புல்லே வேண்டாம், எல்லோரும் நடக்கட்டும் என்று கல் பாவினாரே கட்டடக் கலைஞர் மார்ஜரி கெல்சால், அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?

நம்மவர்கள் சும்மா விட்டார்களா? "இது விடுதியாம்மா, இல்ல கார் நிறுத்துற இடமா?" என்று கேட்டார் வரலாற்றுப் பேராசிரியர் தார்ப்.

"ஒரு ராத்திரி உள்ள தங்கிப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க, புரொபசர்" என்றார் மார்ஜரி.

தங்கினார். பிறகு விடுதியின் ஜன்னலோர இருக்கையிலிருந்து தார்ப்பைக் கிளப்புவதே எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது!

திறப்பு விழா நினைவிருக்கிறதா? மாணவர்கள், மாணவப் பருவத்துப் பழக்கம் விடாத ஆசிரியர்கள், நான் உட்பட எல்லோரும் அந்தக் கல் முற்றத்திலும் சுவரை ஒட்டியே நடந்தோம்! நடுவில் தன்னந்தனியாக நின்று மார்ஜரி கத்தினார்: "ஏங்க, எங்க சுத்திட்டுப் போறீங்க? நடுவுல வாங்க! கல்லுதான், கடிக்காது!"

அந்தக் குரலை இனி எங்கே போய்க் கேட்பேன்?

போன வருடம்தான் அவருக்குக் கௌரவ ஆசிரியர் பட்டம் கொடுத்தோம். "இனி நீங்களும் புல்லில் போகலாம்" என்றேன். தமது சக்கர நாற்காலியைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். "சக்கரம் புதைஞ்சா நீயா வந்து தூக்குவ? எனக்கு என் கல்லே போதும்பா."

அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டுப் புல் போடலாமா என்று அடுத்த வாரம் வாக்கெடுக்கப் போகிறோம். பழைய முற்றத்தோடு ஒத்துப்போகுமாம்! அதற்கு என் கை உயராது. உங்கள் கை உயருமா?

இன்று காலை மார்ஜரியின் பெட்டியைச் சுமந்து தேவாலயத்துக்கு வந்தோம். அவருடைய முற்றத்தில் நுழைந்ததும் பழக்கதோஷம், எங்கள் கால்கள் சுவரோரமாகத் திரும்பிவிட்டன. பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. ஏன் தெரியுமா? எங்களைக் கூப்பிட ஆள் இல்லை.

நண்பர்களே, இன்னும் சற்று நேரத்தில் அவரைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லப் போகிறோம். எல்லோரும் கூட வாருங்கள். இந்த முறை நடுவாகவே போவோம்.