தெரிஞ்சவங்க வலது கை

— ‘டீச்சர், தெரியாதவங்க இடது கையைத்தானே தூக்கணும்னு சொன்னீங்க? நான் இடது கையைத்தானே தூக்கியிருக்கேன், என்னை எதுக்கு எழுப்புறீங்க?’ இப்படிக் கேக்குது, பூவிழி, அந்தப் புள்ள! மார்க் போட வந்த எக்ஸ்டர்னல் சார் முன்னாடி! சிரிக்காதடீ!

— நான் எங்க சிரிச்சேன் அனிட்டா?

— வாய் சிரிக்கல, தோள்பட்டை குலுங்குது.

— எந்தப் புள்ள கேட்டுச்சு?

— ஏழாங்கிளாஸ் ஆமினா. ரெண்டாவது பெஞ்சு.

— மொதல்லேருந்து சொல்லு. அடுத்தது என் பாடம்னு நான் வராந்தாவுல முட்டையும் கையுமா நின்னுக்கிட்டிருந்தேன். உள்ள சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

— சொல்றேன், பஸ்ஸுக்குத்தான் நேரம் கெடக்கே. நேத்து பிள்ளைங்களுக்கு ஒத்திகை குடுத்தேன்ல? வருஷா வருஷம் பி.எட். படிக்கிறவங்க பண்றதுதான். நான் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. பாக்குறவருக்கு மொத்த கிளாசும் பதில் சொல்லத் துடிக்கிற மாதிரி இருக்கும். நான் வலது கையா பாத்து எழுப்பிக்கிட்டாப் போதும்.

— அதெல்லாம் வேணாம்னு நேத்தே சொன்னேன்ல.

— சொன்னே, சொன்னே. நேத்து நான் அவங்களோட பெஞ்சுல உக்காந்து சொல்லிக் குடுத்தேன். என் வலது பக்கம்தான் அவங்களுக்கும் வலது பக்கம். இன்னைக்கு எதிர்ல நிக்கிறேன். எதிர்ல நின்னா எல்லாம் மாறிப் போகுமா இல்லியா? பதட்டத்துல அது எங்க தோணுச்சு? என் வலப்பக்கமா தெரிஞ்ச கையா பாத்துப் பாத்து எழுப்புறேன். மொத புள்ள பேந்தப் பேந்த முழிச்சுது. ரெண்டாவது புள்ள அழுதுடுச்சு. மூணாவதுதான் ஆமினா.

— சார் என்ன பண்ணாரு?

— கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. மார்க் நோட்டை மூடினாரு. ‘போதும்மா, வெளியில இரு’ன்னாரு. வேப்பமரத்தடியில போய் உக்காந்து ஜெபமாலையை உருட்ட ஆரம்பிச்சேன். ப்ராக்டிகல் போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு. வேதாரண்யம் ஸ்கூல்ல ஜூன்லேருந்து வான்னு சிஸ்டர் சொன்ன வேலையும் போச்சு. அப்பா வேற...

— குவைத்லேருந்து வர்றேன்னு சொன்னாரே.

— பன்னெண்டு வருஷம்டீ. ‘என் பொண்ணு டீச்சரா மொத நாள் கையெழுத்துப் போடட்டும், மறுநாளே டிக்கெட் எடுக்குறேன்’னு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போன்ல சொல்றாரு. அவருகிட்ட என்னன்னு சொல்றது? வலது எது இடது எதுன்னு தெரியாமப் போச்சுப்பான்னா?

— அழாதே. அதான் எல்லாம் சரியாயிடுச்சே.

— மாதா கைவிடல பூவிழி, சத்தியமா! பியூன் ரெங்கசாமி அண்ணன் ஓடி வர்றாரு. ‘உங்களை சார் கூப்பிடுறாரும்மா, மிச்ச இருபது நிமிஷத்தை நீங்க எடுக்கணுமாம்.’ யாரோட மிச்சம், என்ன மிச்சம், ஒண்ணும் புரியல. உள்ள வந்தா நீ கடைசி பெஞ்சுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கே. பேச்சு பாதியிலயே நின்னுடுச்சா? அன்னைக்கு மாதிரியே?

— அன்னைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கா?

— நீ திணறினது ஞாபகம் இருக்கு.

— மைக்ரோ டீச்சிங், மொத வாரம். நாமளே டீச்சர், நாமளே பிள்ளைங்க. அஞ்சு நிமிஷம் பேசணும். ‘வணக்கம் மாணவர்களே’ன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. எங்க வீட்டுல நாப்பது பேரு முன்னாடி நிமுந்து நின்னு பேசினவங்க யாரும் இல்ல அனிட்டா. நாப்பது பேரோட சேந்து நடவுக்குக் குனிஞ்சவங்கதான். மங்களாம்பிகை மேடம் பேனாவால மேஜையைத் தட்டுறாங்க. அப்ப நீ எந்திரிச்சே.

— நானா? எதுக்கு?

— மூணாங்கிளாஸ் புள்ள மாதிரி மூக்கை உறிஞ்சிக்கிட்டு, ‘டீச்சர், இவ என் பல்பத்தைத் தின்னுட்டா!’ன்னே. கிளாசே சிரிச்சுது. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. ‘மொதல்ல நீ உக்காரு’ன்னேன். அப்ப தெறந்த வாய்தான்.

— அடிப்பாவி, ஆமா! அதுக்குத்தானே மேடம் ரெண்டு வாரம் என் ரெக்கார்டுல கையெழுத்துப் போடாம அலையவிட்டாங்க! அது ஒண்ணும் உனக்காகப் பண்ணியிருக்க மாட்டேன். போர் அடிச்சிருக்கும்.

— இருக்கும். முட்டை கதையைச் சொல்லு.

— அதையேன் கேக்குறே! போர்டுல உன் கையெழுத்து, ‘விதைநெல் தேர்வு’ன்னு. ஜாடித் தண்ணியில முட்டை அடியில முங்கிக் கெடக்கு. பக்கத்துல ஒரு கிண்ணம் நெல்லு, ஒரு உப்புப் பொட்டலம், ஒரு கரண்டி. யாரு வெச்சாங்களோ, மாதாவே வந்து வெச்ச மாதிரி!

— அப்படியா.

— உப்பளத்து ஊர்க்காரிக்கு உப்பைப் பத்தி யாரு சொல்லித் தரணும்? ‘கை படாம இந்த முட்டை மேல வரணும். எப்படின்னு தெரியுமா? தெரியலன்னா வாயால சொல்லுங்க, கையே வேணாம்’னேன். ‘தெரியாது டீச்சர்!’னு கூரை அதிருற மாதிரி கத்துதுங்க. அதைக் கேக்க எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? ஒரு ஒரு கரண்டியா அதுங்களே உப்பு போட்டுக் கலக்குச்சு. போடப் போட முட்டை லேசா அசைஞ்சுது. அப்புறம் மெல்ல எழும்பி வந்துச்சு பாரு! முட்டை மிதந்தா உப்பு போதும்னு அர்த்தம், அந்தத் தண்ணியில நெல்லைக் கொட்டினா பதரெல்லாம் மேல, நல்ல மணியெல்லாம் கீழ. சாரே எந்திரிச்சு ஜாடிகிட்ட வந்துட்டாரு. ‘எங்க அப்பா இப்படித்தான்மா விதை பாப்பாரு’ன்னாரு. மூடின நோட்டைத் தெறந்து, ‘பாஸ், போ’ன்னு வாய்விட்டே சொல்லிட்டாருடீ!

— ரொம்ப சந்தோஷம் அனிட்டா.

— ஆனா உனக்கு? மொத மார்க் பூவிழிக்குத்தான்னு மேடம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாங்களே. பாதி பாடத்துக்கு என்னத்தைப் போடுவாரு?

— பாஸாயிடுவேன். அது போதும்.

— உனக்காக வேளாங்கண்ணியில ஒரு மெழுகுவத்தி ஏத்துறேன். இனிமே எங்கயும் உனக்குப் பேச்சு பாதியில நிக்கக் கூடாதுன்னு.

— ஏத்து. உங்க அப்பா வந்ததும் எனக்குப் பேரீச்சம்பழம் எடுத்து வை.

— ஒரு பெட்டியே உனக்குத்தான்! அய்யோ, பஸ்ஸு! வேதாரண்யம் போர்டுதானே? ஏங்க, நிறுத்துங்க, நிறுத்துங்க! வர்றேன்டீ!

— பாத்து ஏறு! சார்ட்டு மடங்குது பாரு!

— பூவிழி டீச்சர்!

— ஆமினாவா? வீட்டுக்குப் போகலியா நீ?

— உங்க ஜாடியைக் கழுவிக் கொண்டாந்தேன் டீச்சர். முட்டையும் பத்திரமா இருக்கு. டீச்சர், என்னால அனிட்டா டீச்சருக்கு மார்க் போயிடுச்சா?

— இல்லம்மா. பாஸாயிட்டாங்க. நீ உள்ளதைத்தானே கேட்டே.

— அல்ஹம்துலில்லாஹ்! அப்போ இன்னொண்ணு கேக்கலாமா?

— உன் கேள்வின்னாலே இன்னைக்கு பயமா இருக்கு. கேளு.

— நேத்து சாயந்தரம் சயின்ஸ் ரூம்ல என்னை மட்டும் வெச்சுக்கிட்டு செஞ்சு பாத்தீங்களே, உப்பைப் போட்டு முட்டையை மிதக்கவிட்டு, கடைசி வரைக்கும். இன்னைக்கு முட்டை முங்கின உடனே சாருகிட்ட போயி, ‘நான் இத்தோட நிறுத்திக்கிறேன் சார், மிச்சத்தை அனிட்டாவை எடுக்கவிடுங்க’ன்னு ஏன் மெதுவா சொன்னீங்க? மிச்சப் பாடம் மறந்துபோச்சா?

— மறந்துபோனா எந்தக் கை தூக்கணும் ஆமினா?

— இடது கை.

— சரி, இதோ தூக்கிட்டேன். எந்தக் கைன்னு நீயே பாத்துக்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாது.

— இருங்க டீச்சர், எதிர்ல நின்னா மாறிப் போகும். உங்க பக்கத்துல வந்து நின்னு பாக்குறேன்... டீச்சர், இது வலது கை!