தயிரைக் கடைசிக்கு வைத்தவர்

மாலை ஆறு மணி இருக்கும். நகரத்திலிருந்து வெகுதூரம், பாங்க்ரொஃப்ட் தாண்டி, தார் ரோட்டு முடிந்து, சல்லிக்கல் பாதை தொடங்குகிற இடம்... அதற்கப்பால் ஒரு வீடு கிடையாது. போனில் சிக்னல் கிடையாது. ஒரேயொரு பழைய பிக்கப் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் மூடி போட்ட இரண்டு வாளிகள். ஒன்றில் பழைய டோனட்டும் பொரித்த எண்ணெயும். மற்றதில்... சோறு. பருப்பு. கத்தரிக்காய்ப் பால்கறி. கட்டித் தயிர்.

கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகள். எங்கள் ரூஜ் பக்கம் காற்றடித்தால் கரண்ட் போவது புதிதில்லை. அது வருவதற்குள் கதை முடிந்துவிடும். துஷாந்த், போன் வெளிச்சத்தை என் முகத்தில் அடிக்காதே. எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

"லைக், ட்ரூ ஸ்டோரியா அன்ரி?"

எனக்கு நடந்ததில்லை. என்னோடு வேலை செய்கிற ஜோசப்பினைத் தெரியும்தானே... அவளுடைய தங்கையின் புருஷனுக்கு நடந்தது. பெயர் சசிகரன். மட்டக்களப்பு ஆள். மல்வேர்னில் சாப்பாடு கட்டிக்கொடுக்கிற சின்ன ரேக் அவுட் கடை ஒன்று வைத்திருக்கிறான். இடியப்பம், ரோல்ஸ், கொத்து. ஆள் வலு சாது. பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அப்படிப்பட்டவன்தான் அந்த வண்டியில் முன் சீற்றில் இருந்தான்.

வண்டியை ஓட்டியவர் மரியோ. இத்தாலிக்காரர். கூரை வேலை செய்கிறவர், பெரிய உடம்பு, நொண்டி முழங்கால். பத்து வருடமாகக் கடைக்கு வருகிறார். இரண்டு உளுந்து வடை வாங்குவார். மிளகாய் பட்டால் கண் கலங்கும். போகும்போது கடையின் பழைய எண்ணெயைக் கேட்டு வாங்கிப்போவார். எதற்கென்றால், கரடிக்கு.

இங்கே கரடி வேட்டை அப்படித்தான். துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. காட்டில் ஒரு இடத்தில் கிழமைக்கணக்காகச் சாப்பாடு போடுவார்கள். கரடி பழகிவிடும். வேட்டைக் காலம் தொடங்கியதும் பக்கத்து மரத்தில் ஏறி இருந்து சுடுவார்கள். அனுமதிப் பத்திரம் எல்லாம் உண்டு, களவில்லை. கரடிகள் இப்போது கூடிவிட்டன என்று மரியோ அடிக்கடி சொல்வாராம். அது உண்மைதான் போல. விட்பியில் என் மச்சாளின் பின்வளவுக்குப் போன கோடையில் ஒன்று வந்து, குப்பைத் தொட்டியை உருட்டிவிட்டுப் போனது. அவள் ஒரு மாதம் உடுப்புக் காயப்போட வெளியே வரவில்லை.

சரி. கரடி வாளிக்குள் கத்தரிக்காய்ப் பால்கறி எப்படி வந்தது? அதைச் சொல்லவேண்டும்.

சசிகரனின் தகப்பன் சீனித்தம்பி சித்திரையில் செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் சசிகரன் பக்கத்திலேயே இருந்தான். கடைசியில் ஒரு முனகல் வந்தது. நீளமாக... அடிவயிற்றிலிருந்து. பிறகு ஒன்றுமில்லை.

தாய் தவமலர் அழவில்லை. சடங்கெல்லாம் ஒழுங்காகச் செய்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சமைத்து, வாழையிலையில் படைத்து, பின்பக்கப் படிக்கட்டில் வைப்பார். காகம் வந்து தொடவேண்டும். தொட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். எங்களுக்குத் தெரியாத வழக்கமில்லை.

ஆனால் காகம் வரவில்லை. மல்வேர்னில் காகம் இல்லாமலில்லை. மின்கம்பத்தில் இருந்து பார்க்கும், பறந்துபோய்விடும். அணில் வந்தது. கடற்புறா வந்தது. தவமலர் தடியோடு நின்று கலைத்தார். பொழுதுபடும்வரை நிற்பார். பிறகு இலையைத் தூக்கிக் கொட்டிவிட்டு வெறும் தேத்தண்ணியோடு படுத்துவிடுவார். முதலில் சனிக்கிழமை மட்டும். பிறகு ஞாயிறும். ஆடி மாதம் வந்தபோது மனுசி எலும்பும் தோலும்.

"அவர் தொடல்ல. நான் எப்படி மனே தின்னுற?" மட்டக்களப்பில் மகனை மனே என்றுதான் கூப்பிடுவார்கள்.

டொக்டர் திட்டினார். மருமகள் அழுதாள். சசிகரனுக்குத் தகப்பன் போன கவலை போய், தாயும் போய்விடுவாரே என்ற பயம் பிடித்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை, தாய் குளிக்கப் போன நேரம், இலையோடு சோற்றைத் தூக்கிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டான். தாயிடம் காகம் சாப்பிட்டதென்று சொன்னான். காது சிவந்திருக்கும்.

"காகம் இலையையும் தூக்கிக்கிட்டா போன?" என்றார் தாய். அன்றும் சாப்பிடவில்லை.

அந்தச் சோற்றைக் குப்பையில் போட அவனுக்கு மனம் வரவில்லை. தகப்பனுக்குப் படைத்தது அல்லவா. மரியோவின் வாளி கடை வாசலில் இருந்தது. ஏதோ ஒரு சீவன் தின்னட்டும் என்று சோறு, கறி, ஓரத்துத் தயிர் எல்லாவற்றையும் இலையோடு சுருட்டி அதற்குள் வைத்துவிட்டான். இந்த இடத்தில்தான் அவன் பிழை விட்டான் என்று ஜோசப்பின் சொல்வாள். படையலை யார் தொடுகிறார்களோ, அவர்களுக்குள்தான் செத்தவர் வருவார். அது காகமாக இருக்கவேண்டுமென்று யார் சொன்னது?

"ஐயோ அன்ரி," என்று அட்சயா தலையணையைக் கட்டிப்பிடித்தாள்.

அடுத்த கிழமை மரியோ கடைக்கு வந்தார். காட்டில் மரத்தில் கமரா கட்டியிருக்கிறார்; ஏதாவது வந்தால் அது படம் எடுக்கும். போனில் காட்டினார். ஒரு பெரிய ஆண் கரடி. டோனட்டைத் தொடவேயில்லை. நிலத்தில் நிமிர்ந்து இருக்கிறது. பின்னங்கால் இரண்டையும் மடித்து... சோற்றுக்கு முன்னால். ஒரு கையால் சாப்பிடுகிறது. அடுத்தடுத்து ஏழெட்டுப் படங்கள். மரியோ விழுந்து விழுந்து சிரித்தார். உன்னுடைய சமையல்காரருக்குச் சம்பளம் கூட்டிக்கொடு என்றார்.

சசிகரன் அந்தப் படங்களைத் தன் போனுக்கு வாங்கினான். விளையாட்டாகத்தான் தாயிடம் காட்டினான். தவமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எப்பவும்போல தயிரைக் கடைசிக்கு வச்சிரிக்கார்," என்றார்.

எழுந்துபோனார். பிளேற்றில் சோறு போட்டார். சாப்பிட்டார்... மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். மகன் குசினி வாசலில் நின்று சத்தமில்லாமல் அழுதான்.

அதற்குப் பிறகு என்ன செய்வான்? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? ஆவணி முழுக்க, ஒவ்வொரு சனிக்கிழமையும் மரியோவிடம் தனி வாளி கொடுத்துவிட்டான். தாய் இலையையும் சுருட்டி வைத்து அனுப்புவார். படம் வரும். தாய் பார்ப்பார். பிறகு சாப்பிடுவார். கன்னத்தில் சதை பிடித்துவிட்டது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

செப்டெம்பர் வந்தது. வேட்டைக் காலம். இந்தச் சனிக்கிழமை நீயும் வா, நீ வளர்த்த கரடி அல்லவா என்றார் மரியோ.

அந்த மனிசனிடம் எப்படிச் சொல்வது, இது என் அப்பா என்று? ஓம் என்று தலையாட்டினான். ஆனால் மனதுக்குள் ஒரு யோசனை வைத்திருந்தான். கரடி வரும்போது ஒரு இருமல் இருமினால் போதும். கரடிக்குக் காது கூர்மை. ஓடிவிடும், திரும்பி அந்தப் பக்கம் வராது. தாயைப் பிறகு எப்படியாவது சமாளிக்கலாம். இந்த யோசனையை யாரிடமும் சொல்லவில்லை, பெண்சாதியிடம்கூட.

அதுதான் அந்தப் பாதை. அந்த வண்டி.

இறங்கி நடந்தார்கள். சசிகரன் இலையை விரித்தான். சோறு, கறி, ஓரத்தில் கட்டித் தயிர். மரியோ தலையைச் சொறிந்துகொண்டு பார்த்தார். பிறகு இருவரும் ஏணியால் மரத்தில் ஏறினார்கள். இரண்டு பேர் நெருக்கியடித்து இருக்க ஒரு பலகை. கீழே புளித்த எண்ணெய் நாற்றம். அதற்கு மேலால் கறிவேப்பிலை வாசம்... அந்தக் காட்டில். நுளம்பு காதுக்குள் பாடியது. அடிக்கவும் முடியாது.

சூரியன் இறங்கியது. குருவிச் சத்தம் நின்றது. நுளம்பும் நின்றது.

கால் சத்தம் கேட்கவில்லை. அவ்வளவு சருகு கிடந்தது, அவ்வளவு பாரமான மிருகம், ஒரு சருகு நொறுங்கவில்லை. நனைந்த மயிர் மணம்தான் முதலில் வந்ததாம். பார்த்தால்... இலைக்கு முன்னால் இருக்கிறது. காலை மடித்து. முதுகு இவர்கள் பக்கம்.

ஆறுதலாக, அவசரமில்லாமல் சாப்பிட்டது. பருப்பு. கத்தரிக்காய். சோறு. விழுங்குகிற சத்தம் மேலே கேட்டது. மரியோ துவக்கைத் தோளில் வைத்தார்.

இப்போது இரும வேண்டும். சசிகரன் மூச்சை இழுத்தான். தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது... இருமினால் அது திரும்பும். திரும்பி மேலே பார்க்கும். என்ன முகம் இருக்கும்?

அவ்வளவுதான். பயந்துவிட்டான். வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

அது தயிருக்குக் கையை நீட்டியது.

வெடிச் சத்தம்.

சாகிற கரடி முனகும். மனிதர் முனகுவதுபோலவே இருக்கும், வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பயப்படாதே என்று மரியோ தோளில் தட்டினார். சசிகரனுக்குப் பயமில்லை. அந்த முனகலை அவன் சித்திரையில் ஒருமுறை கேட்டிருந்தான். நீளமாக... அடிவயிற்றிலிருந்து.

வீட்டுக்கு வந்தபோது தாய் முழித்திருந்தார். முன்னால் பிளேற்றில் சோறு.

"சாப்பிட்டாரா மனே?"

"ஓம் அம்மா."

"முழுக்கவா?"

அவனுக்குப் பொய் வரவில்லை. "தயிர் மட்டும் மிச்சம்," என்றான்.

தாய் பிளேற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு நிறுத்தியவர்தான். மூன்று கிழமை. கஞ்சித் தண்ணி நாக்கில் நனைத்ததோடு சரி. எழும்பி நடக்கவும் ஏலாது. மரியோ கரடி இறைச்சியை வெட்டிப் பொதி கட்டி, சசிகரனுக்கும் கொண்டுவந்து கொடுத்தார். அவன் கைகூப்பி வேண்டாமென்றான். மரியோவின் வீட்டில் ஒவ்வொரு நாளும் அதுதான் சமையல் என்று கேள்வி.

பிறகு ஒரு சனிக்கிழமை, பட்டப்பகல். சசிகரன் கடையில் நிற்கிறான். பெண்சாதி போன் எடுக்கிறாள். குரல் கிசுகிசுவென்று வருகிறது.

"கெதியா வாங்கோ. மரியோ இங்க வந்திருக்கிறார்."

மரியோவுக்கு அவர்களுடைய வீடு தெரியாது. யாரும் சொன்னதில்லை. ஒருநாளும் வந்ததில்லை.

ஓடினான். முன் கதவு திறந்து கிடந்தது. குசினிக்குள் கறிவேப்பிலை வாசம். மூன்று கிழமை எழும்பாத தாய் அடுப்படியில் சமைத்து முடித்திருந்தார். நிலத்தில் வாழையிலை. அதற்கு முன்னால் மரியோ... நொண்டி முழங்காலை மடித்து, நிமிர்ந்து இருந்தார். கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பச்சை மிளகாய் கடிபட்டது. கண் கலங்கவில்லை. எதிரில் தவமலர். அவரும் சாப்பிட்டார். சந்தோசமாகச் சாப்பிட்டார்.

சசிகரன் வாசலிலேயே நின்றுவிட்டான். பெண்சாதி அவன் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்தான் இதையெல்லாம் பிறகு ஜோசப்பினிடம் சொன்னது. மரத்தில் நடந்ததை அன்றிரவு அவளிடம் ஒருதரம் சொன்னதோடு சரி; அதற்குப் பிறகு அவன் இன்றுவரை இதைப் பற்றிக் கதைப்பதில்லை. மரியோவைக் கேட்டால் அன்றைக்குக் கூரை வேலைக்குப் போனேன் என்பார். ஆனால் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். வரவேண்டாமென்று சொல்லவும் முடியாது. அவர் வராவிட்டால் தாய் சாப்பிடமாட்டார்.

அன்றைக்கு மரியோ தயிரையும் சாப்பிட்டு முடித்தார். விரலைச் சூப்பினார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, வாசலில் நிற்கிற சசிகரனைப் பார்த்தார். கோபமில்லை. பாசமான பார்வை என்றுதான் பெண்சாதி சொன்னாள். தமிழில் ஒரு சொல் தெரியாத அந்த இத்தாலிக்காரர், சுத்த மட்டக்களப்புத் தமிழில் சொன்னாராம்:

"மரத்தில ரெண்டு பேர் இரிந்தாங்க மனே... ஒருத்தன் இருமுவான் எண்டு பாத்துக்கிட்டேதான் இரிந்தன்."