பழைய ஊசி

துருவை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது, ஐயா. எண்ணெயில் ஊறப்போட்டு நாலு நாள் பொறுத்தால் தானாக இளகும். பௌதிலியோ கொண்டுவந்த கைத்துப்பாக்கியும் அப்படித்தான். அவன் அப்பா காலத்துச் சாமான். தன் பணி ஓய்வு விருந்துக்கு இடுப்பில் செருகிக்கொள்ள, புதுசு மாதிரி வேண்டும் என்றான். எங்கள் குவாலெகுவாய் ஊரில் போலீஸ் அதிகாரி கேட்டால் யார் மறுப்பார்கள்?

மறுநாள் அவன் மனைவி எல்வெசியா பட்டறைக்கு வந்தாள். நான் கொடுத்த மாத்தே பானத்தை உறிஞ்சாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"செவேரோ அண்ணே, அது வெடிக்காத மாதிரி பண்ணிக் குடுங்க. குடிச்சா என் நெத்தியிலதான் வைக்கிறாரு."

"தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாரும்மா."

"அவருக்குப் பளபளன்னு இருந்தாப் போதும். உள்ள எங்க பாக்கப் போறாரு?"

பாவமாக இருந்தது. துப்பாக்கியைப் பிரித்து, தோட்டாவின் பின்புறம் குத்துகிற ஊசியை எடுத்துவிட்டு, நுனி தேய்த்த வேறொன்றைப் போட்டேன். இரும்பை உப்புத்தாளால் இழைத்து நீல மெருகேற்றினேன். மரக் கைப்பிடிக்கு எண்ணெய் பூசினேன். அவளை வரவழைத்துக் காட்டினேன்.

"இனிமே இது வெறும் இரும்பும்மா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. பௌதிலியோ எந்தத் துப்பாக்கியை என்னிடமிருந்து திரும்ப வாங்கினாலும் குழலுக்குள் பென்சிலைப் போட்டு விசையை இழுத்துப் பார்ப்பான். ஊசி சரியாகக் குத்தினால் பென்சில் மேலே துள்ளும். வாசலில் எந்த வண்டி நின்றாலும் அவனோ என்று எட்டிப் பார்த்தேன். பழைய ஊசியைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தான். பென்சில் கூரையில் பட்டு விழுந்தது. "கைகாரன்யா நீ" என்று முதுகில் தட்டினான்.

எல்வெசியாவிடம் சொல்ல ஆறு நாள் இருந்தது. ரொட்டிக் கடையில் இரண்டு முறை பார்த்தேன். சொன்னால் வாய்தவறி அவனிடம் உளறிவிடுவாளோ என்று பயம். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஞாயிறு மத்தியானம் விருந்திலிருந்து குடித்துவிட்டு வந்து துப்பாக்கியை அவளிடம் நீட்டி மிரட்டியிருக்கிறான். எப்போதும் குளியலறைக்குள் ஓடித் தாழ்போட்டுக்கொள்கிறவள், அன்று ஓடவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

"சுடேன், பாப்போம்" என்றாளாம்.

சுட்டது நானில்லை. ஊசியைப் போட்டது நான்தான். சொல்லாமல் இருந்ததும் நான்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் அந்த ஆறு நாள் அவள் பயமில்லாமல் இருந்தாளே, அதைக் கொடுத்தவனும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.