தங்கைக்கு எடுத்து வந்த தட்டு

பஃபேக்குள் நுழைந்ததும் தட்டை எடுத்துவிடக் கூடாது. வெறுங்கையோடு ஒரு சுற்று நடந்து எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். லாஸ் வேகஸிலேயே வாழ்கிற நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஊர் பார்க்க வந்தவர்கள்தான் முதலில் கண்ணில் படும் ரொட்டியிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள்.

நானும் என் தங்கை கொரீனும் ஞாயிறு மதியங்களில் அந்தச் சூதாட்ட ஹோட்டலில்தான் சாப்பிடுவோம். அவள் மேசையில் உட்கார்ந்திருப்பாள். இருவருக்கும் நான் எடுத்து வருவேன். அவளுக்கு நண்டும் இறாலும் ஆகாது. துளி பட்டாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். சாப்பிட வருகிறவர்கள் ஒரு பாத்திரத்துக் கரண்டியை இன்னொன்றில் போட்டுவிடுவதால், அவள் எதையும் தானாக எடுப்பதில்லை. அவசரத்துக்குப் போடும் ஊசியும் என் கைப்பையில்தான் இருக்கும்.

பானம் கொண்டுவரும் மாரிசேலா அன்றும் கேலி செய்தாள். "என்ன வெர்னாக்கா, இன்னைக்கும் மகாராணிக்கு நீங்கதான் எடுபிடியா?"

"இவ கையில தட்டைக் குடுத்தா நேரா ஆஸ்பத்திரிதான்" என்றேன்.

அவள் நகர்ந்ததும் கொரீன் சொன்னாள்: "அக்கா, அடுத்த மாசம் டுவைட்டோட டூசான் போறேன். அங்கேயே இருந்துடப் போறோம்."

டுவைட் அவளுடைய காதலன்; டூசான் அடுத்த மாநிலத்து ஊர்.

"ஐயே, மூஞ்சியப் பாரு. டூசான்லயும் பஃபே இருக்கு. வந்து என் தட்டைத் தூக்கிக்கிட்டு அலை."

"உனக்கு என்ன ஆகாதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். அவரென்ன பச்சக் குழந்தையா?"

நீங்கள் தனியாகப் பஃபேக்குப் போனதுண்டா, ஐயா? தனியாக வந்தவர் இரண்டாவது தட்டுக்கு எழுந்து போவார். திரும்பும்போது மேசையைத் துடைத்து வேறு குடும்பத்தை உட்காரவைத்திருப்பார்கள். கையில் சூடான உணவோடு நிற்பார். அவரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அதை நினைத்துப் பயந்தபடியே அவளுக்குத் தட்டு எடுக்கப் போனேன்.

நண்டு சூப்பில் ஒரு கரண்டி எடுத்து, மசித்த உருளைக்கிழங்கில் குழி செய்து ஊற்றினேன். மேலே கிரேவி. வித்தியாசம் தெரியவில்லை. யாரோ கரண்டியை மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று ஹோட்டல்காரர்கள் பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பாவம், நல்ல மனிதர்கள்.

அவளைப் பயமுறுத்தத்தான் நினைத்தேன். நான் பயந்த அளவுக்கு அவளும் ஒருமுறை பயந்தால் போதும் என்றிருந்தது. உதடு வீங்கியதும் அவள் என் கைப்பையைக் காட்டினாள். நான் கையை உள்ளே விட்டேன். பதற்றத்தில் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து மேசைக்காரர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஊசி என் விரல்களுக்குள்தான் இருந்தது.

குனிந்து அவள் காதில் கேட்டேன்: "டூசான் போவியா?"

அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஏன் கேட்கிறேன் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்த பிறகு, இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டேன். பிறகுதான் தொடையில் ஊசியைக் குத்தினேன்.

தாமதமாகிவிட்டது என்கிறார் மருத்துவர். மூளைக்கு மூச்சு போகவில்லையாம். இனி பேச மாட்டாள், தானாகச் சாப்பிட மாட்டாள். ஆனால் அவளே விரும்பித்தான் இங்கே தங்கினாள், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடித்துவிடலாம், ஐயா. மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிறது. அவளுக்கு எது ஆகாது என்று அந்த நர்ஸுகளுக்கு என்ன தெரியும்?